தனியுரிமை யாருடையது? உடனடிச் செய்திப் பரிமாற்ற நெறிமுறைகளும் செய்தியின் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

கைப்பேசிவழிச் செய்திப் பரிமாற்றம் சிற்றூர்வரை பரவியுள்ள இன்றைய நிலையில், அச்செய்திகளைக் கொண்டு செல்லும் நெறிமுறை ஒரு நிறுவனத்தின் உடைமையாக இருப்பதற்கும், எவரும் கையாளத்தக்க பொதுவிதியாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகிறது. நெறிமுறையின் திறந்த தன்மையும் செய்தியின் மறைவும் இருவேறு பண்புகள் என்பதையும், 'தனியுரிமை' என்னும் ஒரே சொல் இரு களங்களிலும் வழங்குவதால் நேரும் மயக்கத்தையும், சென்னை உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வாட்ஸ்அப் வழக்கு, சோஹோ நிறுவனத்தின் அரட்டைச் செயலி ஆகியவற்றின் துணைகொண்டு ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நெறிமுறை, தனியுரிமை, அந்தரங்கம், மறைகுறியாக்கம், அரட்டை, வாட்ஸ்அப், முதல் அனுப்புநர்.

முன்னுரை

மதுரை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், பேரையூர் வட்டத்தைச் சேர்ந்த எழுமலையில் ஓர் அஞ்சல் உறையைப் பெட்டியில் இட்டால், அது பல அலுவலகங்களில் கைமாறிச் சிங்கப்பூருக்கும் இலண்டனுக்கும் சென்று சேரும். பெறுபவர் இந்திய அஞ்சல் துறையின் வாடிக்கையாளராக இருக்கவேண்டிய தேவையில்லை. 1874ஆம் ஆண்டு பெர்ன் நகரில் நாடுகள் கூடிச் செய்துகொண்ட அஞ்சல் உடன்படிக்கையின் வழிவந்த பொதுவிதிகளை ஒவ்வொரு நாட்டு அஞ்சல் துறையும் ஏற்றுக்கொண்டிருப்பதே இதற்குக் காரணம். அதே எழுமலையில் ஒருவர் தம் கைப்பேசியின் வாட்ஸ்அப் செயலியிலிருந்து டெலிகிராம் செயலி மட்டும் வைத்திருக்கும் உறவினருக்கு ஒரு வரி அனுப்ப இயலாது. இருவர் கையிலும் கைப்பேசி உண்டு, இணையமும் உண்டு. இல்லாதது இரு நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட பொதுவிதி.

இத்தகைய விதித்தொகுப்பையே கணினித் தமிழில் 'நெறிமுறை' என்கிறோம். செய்தி எந்த வடிவில் கட்டப்படவேண்டும், அனுப்புநர் எவ்வாறு அடையாளம் காணப்படுவார், பெறுநர் இணைப்பில் இல்லாதபோது செய்தி எங்கே காத்திருக்கும், கிடைத்தமைக்கான ஒப்புகை எவ்வாறு திரும்பும் என்பன அதில் அடங்கும். செயலி கண்ணுக்குத் தெரிவது, நெறிமுறை தெரியாதது. பாதுகாப்புப் பற்றிய பேச்சு பெரும்பாலும் செயலியின் பெயரோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம் எனலாம்.

ஒரு சொல்லும் இரு பொருளும்

செயலிகளின் தமிழ் இடைமுகத்தில் 'தனியுரிமை', 'தனியுரிமைக் கொள்கை' என வருமிடங்களில், பயனரின் அந்தரங்கம் காக்கப்படும் உரிமையே குறிக்கப்படுகிறது. கட்டற்ற மென்பொருள் பற்றிய தமிழ் எழுத்துகளிலோ 'தனியுரிம மென்பொருள்' என்பது நிறுவனம் தன் உடைமையாகப் பூட்டிவைத்துள்ள மென்பொருளைக் குறிக்கிறது. ஆகவே 'தனியுரிமை நெறிமுறை' என்று எழுதினால், அது பயனரின் மறைவைக் காக்கும் நெறிமுறையா, நிறுவனத்தின் உடைமையாகிய நெறிமுறையா என்பது சொல்லளவில் விளங்குவதில்லை. ஏறத்தாழ எதிரெதிரான இரு உரிமையாளர்களை ஒரு சொல் சுமக்கிறது.

இதனைக் கலைச்சொல்லாக்கத்தின் சிறு வழு என ஒதுக்கிவிட இயலாது. பொதுவெளியில் நிகழும் மயக்கமும் இதே வடிவுடையது. ஒரு நிறுவனம் தன் அமைப்பை மூடிவைத்திருப்பதாலேயே செய்தி பாதுகாப்பாக இருக்கும் என ஒருசாராரும், மூலநிரல் வெளியிடப்பட்டுவிட்டால் அதுவே பாதுகாப்பு என மற்றொருசாராரும் கருதுகின்றனர். இரண்டும் பிழை. இக்கட்டுரையில் பயனரின் உரிமை 'அந்தரங்கம்' எனவும், நிறுவனத்துக்குரிய விதித்தொகுப்பு 'உடைமை நெறிமுறை' எனவும் பிரித்து ஆளப்படுகின்றன. தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபின், சட்டத் தமிழிலும் இப்பிரிப்பு வேண்டப்படுவதாகும்.

மூடப்பட்ட வாயில்கள்

உடைமை நெறிமுறைகளின் வரலாறு வாயில் அடைப்புகளின் வரலாறாகவே தொடங்குகிறது. 1999இல் மைக்ரோசாஃப்ட் தன் எம்.எஸ்.என். மெசஞ்சரை, அந்நாளில் முன்னணியில் இருந்த ஏ.ஓ.எல். பயனர்களோடும் உரையாடும்படி வடிவமைத்தது. ஏ.ஓ.எல். அதனைத் தடுத்தது, மைக்ரோசாஃப்ட் தன் செயலியை மாற்றியது, மீண்டும் தடுக்கப்பட்டது. அதே ஆண்டு சனவரியில் ஜெரமி மில்லர் 'ஜாபர்' என்னும் திறந்த அமைப்பை அறிவித்தார். மின்னஞ்சலைப் போல் எவரும் தமக்கென ஒரு வழங்கியை நிறுவலாம், வழங்கிகள் தமக்குள் பேசிக்கொள்ளும் என்பதே அதன் கருத்து. பின்னர் அது எக்ஸ்.எம்.பி.பி. என்ற பெயரில் 2004இல் இணையத் தரநிலையாயிற்று.

கூகுள் டாக் 2005இல் இந்நெறிமுறையைக் கொண்டே வந்தது. 2006இல் பிற வழங்கிகளோடும் இணைந்தது. ஆனால் 2013இல் கூகுள் ஹேங்அவுட்ஸுக்கு மாறியபோது அந்தத் திறந்த இணைப்பு அதில் இடம்பெறவில்லை. 2009இல் தொடங்கப்பெற்ற வாட்ஸ்அப்பும் எக்ஸ்.எம்.பி.பி. வழங்கி மென்பொருளிலிருந்தே முளைத்தது. நெறிமுறையைத் தனக்கேற்பச் சுருக்கி, மாற்றி, பிறர் நுழையாதவாறு அடைத்துக்கொண்டது. இன்றைய மூடிய செயலிகளிற் பெரியது திறந்த விதையிலிருந்து வளர்ந்தது என்பது கருதத்தக்கது. திறந்த நெறிமுறையை எவரும் எடுத்தாளலாம் என்னும் உரிமை, எடுத்து மூடிக்கொள்வதற்கும் இடமளித்துவிட்டது.

பூட்டின் அமைப்பும் திறவுகோலும்

செய்தியின் மறைவு வேறொரு வினா. நாளிதழ்கள் 'எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்' என எழுதுவது ஈண்டு 'இருமுனை மறைகுறியாக்கம்' எனப்படுகிறது. செய்தி அனுப்புநரின் கருவியிலேயே பூட்டப்பட்டு, பெறுநரின் கருவியில் மட்டுமே திறக்கப்படும். இடையிலுள்ள வழங்கி பூட்டிய பேழையைச் சுமக்குமேயன்றித் திறவாது. இம்முறை இல்லாத செயலிகளிலும் ஒருவகை மறைகுறியாக்கம் உண்டு. அங்கே கைப்பேசிக்கும் வழங்கிக்கும் இடைப்பட்ட வழி மட்டுமே பூட்டப்படுகிறது. வழங்கியில் செய்தியைத் திறக்கும் ஆற்றல் நிறுவனத்திடம் இருக்கும். 'எங்கள் செயலியில் செய்திகள் மறைகுறியாக்கம் செய்யப்படுகின்றன' என்னும் விளம்பரத் தொடர் இவ்விரண்டில் எதற்கும் பொருந்தும் என்பதே அத்தொடரின் வசதி.

பூட்டின் அமைப்பு பகைவருக்குத் தெரிந்தாலும் திறவுகோல் தெரியாதவரை அது உடையாதிருக்கவேண்டும் என்ற கொள்கையை 1883இல் முன்வைத்தவர் அகஸ்ட் கெர்க்கோஃப்ஸ். இவர் போர்த்தளபதியோ கணிதரோ அல்லர். மொழி கற்பித்த பேராசிரியர். இன்றைய மறைகுறியியல் முழுதும் இக்கொள்கையை ஏற்று நிற்கிறது. வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் தன் பயனர் அனைவருக்கும் இருமுனை மறைகுறியாக்கத்தை நிறைவு செய்தபோது கையாண்டது, மார்லின்ஸ்பைக், பெரின் ஆகியோர் வடிவமைத்து வெளியிட்ட சிக்னல் நெறிமுறையையே. பூட்டின் வரைபடம் பொதுவில் உள்ளது; அப்பூட்டைப் பொருத்தியிருக்கும் செயலியின் நிரல் மூடியுள்ளது; வலையமைப்போ நிறுவனத்தின் உடைமை. டெலிகிராமில் நிலைமை தலைகீழ். அதன் செயலிகளின் மூலநிரல் வெளியிடப்பட்டுள்ளது. ஆயினும் 'இரகசிய உரையாடல்' எனத் தனியே தேர்ந்தாலன்றி இருமுனை மறைகுறியாக்கம் இல்லை. திறப்பும் மறைவும் ஒன்றையொன்று உறுதி செய்வதில்லை என்பதற்கு இவ்விரு செயலிகளே போதிய சான்று.

இருமுனை மறைகுறியாக்கம் காவாதனவும் உண்டு. எவர் எவருக்கு, எப்பொழுது, எத்துணை முறை எழுதினார் என்னும் மீத்தரவு வழங்கிக்குத் தெரியும். மேகச் சேமிப்பில் வைக்கப்படும் காப்புநகலை இருமுனையும் பூட்டும் வசதி வாட்ஸ்அப்பில் 2021 இறுதியில்தான் வந்தது. அதுவும் பயனர் தாமே இயக்கினால்தான். கருவியே கைப்பற்றப்பட்டால் பூட்டால் பயனில்லை. 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு நிரலில் இருந்த ஒரு குறையின் வழியாகப் பெகாசஸ் உளவுமென்பொருள் ஏறத்தாழ 1,400 பயனர்களின் கருவிகளைக் குறிவைத்தது. இந்திய இதழாளர்களும் உரிமைச் செயற்பாட்டாளர்களும் அவர்களுள் இருந்தனர்.

முடங்கலும் முதல் அனுப்புநரும்

செய்தியைப் பூட்டுதல், அனுப்புநரை அறிதல் என்னும் இரண்டும் வேறுவேறு என்பதைத் தமிழ் மரபு நன்கறியும். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குச் செல்லும் வழியில் கோவலனிடம் கோசிகன் சேர்ப்பிக்கும் மாதவியின் ஓலை மண் இலச்சினை இடப்பட்டது. அவ்விலச்சினையில் பதிந்த கூந்தலின் நெய்மணமே எழுதியவர் யார் என்பதைக் கோவலனுக்கு உணர்த்துகிறது. உடையாத இலச்சினை, ஓலை இடையில் பிரிக்கப்படவில்லை என்பதற்கும் சான்று. ஆனால் இடைவழியில் ஒருவர் உடைத்துப் படிக்க முயன்றால் மண் அதனைத் தடுக்காது. உடைத்தமையை மட்டுமே காட்டும். இன்றைய மொழியில் கூறினால், அது மெய்ப்பித்தலுக்கான ஏற்பாடு, மறைத்தலுக்கானது அன்று.

அடுத்து நிகழ்வதே இவண் கூர்ந்து நோக்கத்தக்கது. ஓலையின் வாசகம் தன் பெற்றோருக்குத் தான் கூறவேண்டிய வணக்கத்துக்கும் பொருந்துவதை உணர்ந்த கோவலன், அதே ஓலையை அவர்களிடம் சேர்க்குமாறு கோசிகனிடமே கொடுத்துவிடுகிறான். மாதவி கோவலனுக்கு எழுதியது, கோவலன் பெற்றோருக்கு விடுத்ததாகிறது. எழுத்து மாறவில்லை, அனுப்புநரும் பொருளும் மாறிவிட்டனர். இவ்வோலையின் 'முதல் அனுப்புநர்' யார்?

ஏறத்தாழ இதே வினா சென்னை உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. 2018இல் தொடுக்கப்பட்ட பொதுநல மனுக்கள், சமூக ஊடகக் கணக்குகளை ஆதார் எண்ணோடு இணைக்கவேண்டும் எனக் கோரின. வழக்கின் போக்கில் அக்கோரிக்கை பின்தள்ளப்பட்டு, வாட்ஸ்அப்பில் பரவும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய இயலுமா என்பதே மையமாயிற்று. இக்கவலைக்கு வலுவான பின்புலம் இருந்தது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தை கடத்துபவர் என்ற புரளியை நம்பிய கூட்டத்தால் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். கோயிலுக்குச் செல்லும் வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவர்தம் குழுவினர் மீது ஐயம் எழக் காரணமாயிற்று. அவ்வாண்டு சூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் பகிர இயலாதவாறு வரம்பிட்டது.

2019இல் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி நீதிமன்றத்தில் ஒரு முன்மொழிவை அளித்தார். ஒவ்வொரு செய்தியோடும் அதனை உருவாக்கியவரின் அடையாளத்தை இணைத்து அனுப்பலாம். அதனை வெளிப்படையாகவோ, நீதிமன்ற ஆணையின்பேரில் மட்டும் நிறுவனம் திறக்கத்தக்க மறைகுறியாகவோ வைக்கலாம். தம் செய்தி பிறருக்குப் பகிரத்தக்கதா அன்றா என்பதை உருவாக்குபவரே முடிவு செய்யலாம். பகிரத்தகாதது எனக் குறிக்கப்பட்டதை ஒருவர் பகிர்ந்தால் அவரே உருவாக்கியவராகக் கொள்ளப்படுவார் என்பது அதன் சாரம். பம்பாய் ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதனை மறுத்தார். செயலியைத் திருத்திப் பொய்யடையாளம் இணைக்க வல்லார் தப்பிவிடுவர். குற்றமற்ற ஒருவர் மீது பழி விழக்கூடும் என்பது அவர் வாதத்தின் ஒரு பகுதி.

கோவலன் விடுத்த ஓலையைக் கொண்டு நோக்கினால் மற்றோர் இடர்ப்பாடும் புலனாகிறது. முன்மொழிவின்படி அடையாளம் இணைந்திருந்தால், மகனைப் பிரிந்து வருந்தும் பெற்றோரின் கையில் மாதவியின் பெயரோடு அவ்வோலை சென்றிருக்கும். ஒரு வாசகத்தை எழுதியவர் ஒருவராகவும் அதற்குக் கேடான பொருளை ஏற்றிப் பரப்பியவர் மற்றொருவராகவும் இருத்தல் கூடும். வேறெங்கோ, வேறொரு நோக்கத்திற்கு எடுக்கப்பட்ட ஒளிப்படம் கடத்தற்காரர் படமாகச் சுற்றிவருவதில் நிகழ்வது அதுவே. தொழில்நுட்பம் முதற்கையைத் தேடித்தரலாம். பொறுப்பு அக்கையில்தான் உள்ளது என்பதைத் தராது.

2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகளைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. ஆயினும் விவாதத்தின் பயன் சட்டமாகவே வந்தது. 2021 பிப்ரவரி 25இல் அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2)ஆம் விதி, 50 இலட்சத்துக்கு மேற்பட்ட பயனர்களைக் கொண்ட செய்திப் பரிமாற்ற நிறுவனங்கள், உரிய ஆணை வரின் முதல் அனுப்புநரைக் கண்டறியத் துணைசெய்ய வேண்டும் என்கிறது. கடுங்குற்றங்களுக்கு மட்டுமே இவ்வாணை பொருந்தும். செய்தியின் உள்ளடக்கத்தை வெளியிடத் தேவையில்லை என்றும் அவ்விதி கூறுவதை மறைத்தல் நேர்மையன்று. எனினும் எந்தச் செய்தி பின்னாளில் வினவப்படும் என்பது முன்கூட்டித் தெரியாதாகையால், எல்லாச் செய்திகளுக்கும் தடம் வைத்தாக வேண்டும். இதனை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. மறைகுறியாக்கத்தை உடைக்கப் பணித்தால் இந்தியாவில் சேவையையே நிறுத்த நேரும் என 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் கூறினார்.

அரட்டை: மண்ணும் நெறிமுறையும்

வீண்பேச்சு என்னும் சற்றே ஏளனமான பொருளில் வழங்கிய 'அரட்டை' இன்று ஒரு செயலியின் சிறப்புப்பெயர். வாட்ஸ்அப்பின் புதிய அந்தரங்கக் கொள்கை பெரும் எதிர்ப்பைச் சந்தித்த 2021 சனவரியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் இதனை வெளியிட்டது. நான்காண்டுகளுக்கு மேல் பெரிதும் கவனிக்கப்படாதிருந்த செயலி, 2025 செப்டம்பர் இறுதியில் சுதேசிப் பயன்பாட்டுக்கான அழைப்புகளையொட்டித் திடீரென வளர்ந்தது. ஒரு நாளுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாளில் 3,50,000 ஆக உயர்ந்ததாக அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார்.

அவ்வேளையில் அரட்டையின் அழைப்புகளுக்கு இருமுனை மறைகுறியாக்கம் இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. தமிழ்ப் பெயரும் இந்திய மண்ணிலுள்ள வழங்கியும் பாதுகாப்பின் அடையாளமாகப் பேசப்பட்டன. வழங்கி எங்கே உள்ளது என்பது எந்நாட்டுச் சட்டம் அதன்மீது செல்லும் என்பதை முடிவுசெய்யும். அச்சட்டம் செல்லும்போது எடுத்துக் கொடுக்கத்தக்க வாசகம் அங்கே இருக்குமா என்பதை நெறிமுறையே முடிவுசெய்யும். மேற்கூறிய 4(2)ஆம் விதியை எண்ணினால் இவ்வேறுபாட்டின் எடை விளங்கும். நிறுவனத்தின் நல்லெண்ணத்தின் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் கணிதத்தின் மீது வைக்கும் நம்பிக்கைக்கும் வேறுபாடு உண்டு. இந்நிலையைக் குறித்து எழுந்த திறனாய்வு வீண்போகவில்லை. 2025 நவம்பரில் இருவர்க்கிடையிலான உரையாடல்களுக்கு இருமுனை மறைகுறியாக்கத்தை அரட்டை வழங்கத் தொடங்கியது.

அரட்டை குறித்து இதனினும் விரிந்த விளைவுடைய கருத்து ஒன்று அக்காலத்தில் வேம்புவிடமிருந்து வந்தது. செய்திச் செயலிகள் யூ.பி.ஐ.யையும் மின்னஞ்சலையும் போல ஒன்றோடொன்று இயங்கவேண்டும். நெறிமுறைகளைத் தரப்படுத்தி வெளியிடுவது குறித்து ஐஸ்பிரிட் அமைப்பினரோடு பேச்சு தொடங்கப்பட்டுள்ளது என்றார் அவர். எழுமலைத் தேநீர்க்கடையில் ஒரே ஒட்டுத்தாளில் உள்ள குறியீட்டுக்குக் கூகுள் பே வைத்திருப்பவரும் போன்பே வைத்திருப்பவரும் பணம் செலுத்துவதைக் கண்டவர்க்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும். ஆனால் ஒரே மூச்சில் கூறப்பட்ட அவ்விரண்டும் ஒரே வகையின அல்ல. யூ.பி.ஐ.யில் ஒவ்வொரு பரிமாற்றமும் தேசியப் பணக்கொடுப்பனவுக் கழகத்தின் நடுவண் இணைப்பின் வழியே செல்கிறது. மின்னஞ்சலில் அத்தகைய நடுவர் இல்லை. பணத்திற்கு நடுவண் பதிவேடு வேண்டும். பேச்சுக்கு அது வேண்டுமா என்னும் வினா, 'யூ.பி.ஐ. போல' என்னும் உவமையில் மறைந்துவிடுகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் இதே சிக்கலைச் சட்டத்தின் வழி அணுகியுள்ளது. எண்மச் சந்தைகள் சட்டத்தின்படி வாட்ஸ்அப் போன்ற பெருஞ்சேவைகள், பிற சேவைகள் வேண்டினால் 2024 மார்ச்சு முதல் இணைப்புக்கு இடமளிக்க வேண்டும். இருமுனை மறைகுறியாக்கத்தின் தரம் குறையலாகாது. குழு உரையாடல்களைப் பூட்டுவதற்கான எம்.எல்.எஸ். என்னும் திறந்த தரநிலை 2023 சூலையில் வெளிவந்துள்ளதால், அத்தகைய இணைப்புக்கான கருவியும் ஓரளவு ஆயத்தமாகவே உள்ளது.

திறந்த நெறிமுறையின் இடர்கள்

திறந்த நெறிமுறையைப் புகழ்ந்துரைப்போர் அதன் குறைகளை விரைந்து கடந்துவிடுவதுண்டு. மேட்ரிக்ஸ் என்னும் திறந்த நெறிமுறையைக் கொண்டு பிரான்சு அரசு தன் அலுவலர்களுக்கென 'ட்சாப்' செயலியை 2019 ஏப்ரலில் வெளியிட்டது. வெளிவந்த உடனேயே, அரசு மின்னஞ்சல் முகவரி இல்லாத ஓர் ஆய்வாளர் அதனுள் நுழைந்து காட்டினார். குறை விரைவில் களையப்பட்டது. 2022 செப்டம்பரில் மேட்ரிக்ஸின் மறைகுறியாக்க நிரல்களிலேயே கடுமையான குறைகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். அவற்றை வெளியாரால் கண்டறிய முடிந்தது என்பது திறந்த தன்மையின் பயன். அதுவரை அவை அங்கே இருந்தன என்பது அதன் எல்லை. மேலும், பல வழங்கிகள் கூடி இயங்கும் அமைப்பில் ஒரு வழங்கியை நடத்துபவர் திறமையற்றவராயின், அதன் பயனர்களின் மீத்தரவு ஒரு பெருநிறுவனத்தின் காவலில் இருந்ததைவிட எளிதில் கசியக்கூடும்.

ஆட்சியாளர்க்கும் இவ்வமைப்பு புதியது. 2023 மே மாதம் சம்மு காசுமீரில் பயங்கரவாதத் தொடர்புகளைக் காரணம் காட்டி ஒன்றிய அரசு 14 செயலிகளைத் தடைசெய்ததாகச் செய்தி வெளியானது. மேட்ரிக்ஸ் நெறிமுறையைக் கையாளும் எலிமெண்ட், வழங்கியே இன்றி இயங்கவல்ல பிரையர் ஆகிய கட்டற்ற செயலிகளும் அவற்றுள் இருந்தன. எலிமெண்ட் ஒரு செயலி. மேட்ரிக்ஸ் ஒரு நெறிமுறை. முன்னதைத் தடுத்தபின்னும் பின்னதைப் பேசும் வேறு செயலிகள் எஞ்சும்.

4(2)ஆம் விதியும் இதே முட்டுப்பாட்டை எதிர்நோக்குகிறது. அது ஒரு பெரிய உரிமையாளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட விதி. வேம்பு கூறியவாறு நெறிமுறை வெளியிடப்பட்டு, அது மின்னஞ்சலின் வழியில் சென்று, கல்லூரிகளும் கூட்டுறவுச் சங்கங்களும் ஊராட்சிகளும் தத்தம் வழங்கிகளை நிறுவினால், 50 இலட்சம் என்னும் வரம்பை எட்டாத ஆயிரம் அமைப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். அவ்விதியின் ஆணையைப் பெற்றுக்கொள்ளக் கடமைப்பட்டவர் அங்கே ஒருவரும் இரார். யூ.பி.ஐ.யின் வழியில் சென்றால், அவ்வாணையைப் பெறுவதற்கென்றே நடுவில் ஓர் அலுவலகம் இருக்கும்.